மாநிலங்கள் கூட்டும் தண்டனை

2025 ஜனவரி 10 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இரண்டு மசோதாக்களைத் தாக்கல் செய்தார். ஒன்று, பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மத்திய குற்றவியல் சட்டங்களைத் தமிழ்நாட்டளவில் திருத்துவது. மற்றொன்று, 1998 முதல் நடைமுறையில் இருக்கும் மாநிலத்தின் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்தைத் திருத்துவது. மறுநாளே இரண்டும் நிறைவேறின. வன்புணர்வுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு என்றிருந்த கடுங்காவல் தண்டனையை முதல் மசோதா 14 ஆண்டாக்கியது. குற்றம் செய்தவர் காவலராகவோ அரசு ஊழியராகவோ இருந்தால் குறைந்தது 20 ஆண்டு என்றது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது போன்றவற்றுக்கும் தண்டனை ஏறியது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2024 டிசம்பர் 23 அன்று, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். மாநிலமே கொதித்தது. நாட்டை உலுக்கும் ஒரு கொடுமை நடக்கிறது, மக்கள் தெருவுக்கு வருகிறார்கள், சில நாட்களிலோ வாரங்களிலோ சட்டமன்றம் கூடித் தண்டனையைக் கூட்டுகிறது. இந்த வரிசை இந்திய மாநிலங்களில் கடந்த பத்தாண்டுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

மத்தியப் பிரதேசம்தான் முதலில் இறங்கியது. 12 வயதும் அதற்குக் குறைவும் உள்ள சிறுமிகளை வன்புணர்ந்தால் தூக்கு வரை விதிக்கலாம் என்ற மசோதாவை அதன் சட்டமன்றம் 2017 டிசம்பரில் நிறைவேற்றியது. 2018 மார்ச்சில் ராஜஸ்தான், ஹரியாணா, அருணாசலப் பிரதேசம் ஆகியவை அதே வழியில் போயின. ஜம்முவின் கதுவாவில் எட்டு வயதுச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமை அந்த ஆண்டு நாடு முழுவதும் பேசப்பட்டபோது, மாநிலங்கள் தொடங்கியதை மத்திய அரசே கையில் எடுத்தது. 2018 ஏப்ரலில் அவசரச் சட்டம் வந்தது. பிறகு நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. 12 வயதுக்குட்பட்ட சிறுமி என்றால் குறைந்தது 20 ஆண்டு, அதிகபட்சம் தூக்கு. வயது வந்த பெண் என்றால் அதுவரை 7 ஆண்டாக இருந்த குறைந்தபட்சம் 10 ஆண்டானது.

2019 நவம்பர் இறுதியில் ஹைதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் வன்புணர்ந்து எரிக்கப்பட்டார். சம்பவம் நடந்தது தெலங்கானாவில். சட்டம் கொண்டுவந்தது பக்கத்து ஆந்திரம். டிசம்பர் 13 அன்று அங்கே நிறைவேறிய திஷா மசோதா, தெளிவான சான்று உள்ள வழக்குகளில் 7 வேலை நாட்களில் விசாரணை, 14 வேலை நாட்களில் நீதிமன்ற நடவடிக்கை, ஆக 21 நாட்களில் தீர்ப்பு என்றது. அதற்கு ஒரு வாரம் முன்பே கைதானவர்கள் நால்வரும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்துவிட்டார்கள். ஊரே பட்டாசு வெடித்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் அறிக்கை கொடுத்தபோது, தப்பி ஓட முயன்றார்கள் என்ற காவல்துறையின் கதையை நம்ப முடியாது என்று கூறி, பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. நால்வரும் குற்றவாளிகள்தானா என்பதை எந்த நீதிமன்றமும் இனி முடிவு செய்ய வழியில்லை.

மகாராஷ்டிரம் 2021 டிசம்பரில் சக்தி மசோதாவை நிறைவேற்றியது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் 2024 ஆகஸ்ட் 9 அன்று வன்புணர்ந்து கொல்லப்பட்டதும், மேற்கு வங்கம் செப்டம்பர் 3 அன்று அபராஜிதா மசோதாவை நிறைவேற்றியது. இருப்பவற்றிலேயே கடுமையானது இதுதான். வன்புணர்வின் விளைவாகப் பெண் இறந்தாலோ நினைவு திரும்பாத நிலைக்குப் போனாலோ குற்றவாளிக்குத் தூக்கு மட்டுமே என்றது. வேறு தண்டனைக்கு இடமே இல்லாத மரண தண்டனைப் பிரிவு ஒன்றை உச்ச நீதிமன்றம் 1983-இலேயே மிட்டு வழக்கில் செல்லாது என்று அடித்துவிட்டது. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு என்ற பழைய தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு அது. குற்றத்தின் சூழலையும் குற்றவாளியையும் பார்த்து முடிவு செய்யும் உரிமையை நீதிபதியிடமிருந்து எடுத்துவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அடைக்கப்பட்ட பாதையில் போய்த்தான் அபராஜிதா மசோதா நின்றது.

டெல்லியின் ஒப்புதல்

மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய அன்றே இந்த மசோதாக்கள் சட்டமாகிவிடுவதில்லை. குற்றவியல் சட்டமும் குற்றவியல் நடைமுறையும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், பொதுப்பட்டியலின் முதல் இரண்டு இனங்களாக இருக்கின்றன. மத்திய அரசும் சட்டம் இயற்றலாம், மாநிலமும் இயற்றலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும் என்கிறது 254-ஆவது பிரிவு. அதிலேயே ஒரு விலக்கும் உண்டு. மாநில மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு அனுப்பி, அவர் ஒப்புதல் தந்தால், மத்தியச் சட்டத்துக்கு மாறாக இருந்தாலும் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே செல்லும். அதன் பிறகும் நாடாளுமன்றம் நினைத்தால் அதை மாற்றவோ நீக்கவோ முடியும்.

குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்றால் நடைமுறையில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆய்வு. உள்துறை, சட்டத்துறை, மகளிர் மேம்பாட்டுத் துறை என்று கோப்பு சுற்றும், கேள்விகள் மாநிலத்துக்குத் திரும்பி வரும், பதில் போகும். இதற்குக் காலக்கெடு கிடையாது. தமிழ்நாட்டு ஆளுநர் தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு குடியரசுத் தலைவருக்கும் மூன்று மாதக் கெடு வைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கெடு வைக்க நீதிமன்றத்தால் முடியாது என்று கருத்துரைத்தது.

விளைவு கண்முன் இருக்கிறது. ஆந்திரத்தின் திஷா மசோதா ஒப்புதல் பெறவில்லை. மகாராஷ்டிரத்தின் சக்தி மசோதா இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களைக் குறிப்பிட்டு எழுதப்பட்டது. அது காத்துக் கிடந்த காலத்திலேயே, 2024 ஜூலை 1 அன்று, அந்தத் தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அபராஜிதா மசோதா மத்திய அரசின் ஆட்சேபங்களோடு 2025 ஜூலையில் மேற்கு வங்க அரசுக்கே திரும்பி வந்தது.

ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், எந்தக் கொடுமைக்காக மக்கள் தெருவுக்கு வந்தார்களோ அந்த வழக்கைப் புதிய சட்டம் தொடவே முடியாது. குற்றம் நடந்த நாளில் என்ன சட்டம் இருந்ததோ அதற்கு மேற்பட்ட தண்டனையை யாருக்கும் விதிக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(1) பிரிவு தரும் அடிப்படை உரிமை. டிசம்பர் 2024-இல் நடந்த குற்றத்துக்கு ஜனவரி 2025-இன் திருத்தம் பொருந்தாது. சட்டமன்ற உரைகளில் இந்தச் செய்தி அதிகம் வருவதில்லை. மக்களுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி இது.

மத்தியச் சட்டம் வந்த வழி

கடுமையான மத்தியச் சட்டம் இல்லாததால்தான் மாநிலங்கள் தனியே எழுதுகின்றன என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது சரியல்ல. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமி இரு காவலர்களால் சீரழிக்கப்பட்டார். உடலில் காயமில்லை, அவர் கூச்சலிடவில்லை என்றெல்லாம் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் அந்தக் காவலர்களை விடுதலை செய்தது. அதை எதிர்த்து எழுந்த பெண்கள் இயக்கத்தின் பலன்தான் 1983 திருத்தம். வன்புணர்வுக்கு முதன்முறையாகக் குறைந்தபட்சத் தண்டனை வந்தது, 7 ஆண்டு. காவலில் இருக்கும் பெண்ணை வன்புணர்வதற்கும் கூட்டு வன்புணர்வுக்கும் 10 ஆண்டு. பெண்ணின் பெயரை வெளியிடுவதும் குற்றமானது.

2012-இல் குழந்தைகளுக்காகப் போக்சோ சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று டெல்லியில் நடந்த நிர்பயா கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் இருந்த குழு, சுமார் 80,000 கருத்துகளைப் பெற்று 29 நாட்களில் அறிக்கை தந்தது. அதன்பேரில் 2013 திருத்தம் வந்தது. வன்புணர்வின் வரையறை விரிந்தது. பின்தொடர்தல், ஒளிந்து பார்த்தல், ஆசிட் வீச்சு தனிக் குற்றங்களாயின. 2018-இல் மீண்டும் ஒரு திருத்தம். 2019-இல் போக்சோவில் தூக்கு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் வன்புணர்வுக்கு ஆயுள் வரை விதிக்கலாம். கூட்டு வன்புணர்வுக்கு 20 ஆண்டு முதல் சாகும்வரை சிறை. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் தூக்கு வரை. ஒரு மாநிலம் இதற்கு மேல் எதைக் கூட்ட முடியும்? பெரும்பாலும் குறைந்தபட்ச எண்ணைத்தான். உச்சம் ஏற்கனவே எட்டப்பட்டுவிட்டது.

மீண்டும் செய்பவர்

ஒருமுறை தண்டனை பெற்றும் திருந்தாமல் அதே குற்றத்தைச் செய்பவருக்குக் கூடுதல் தண்டனை வேண்டும் என்பதில் பெரும்பாலோருக்குக் கருத்து வேறுபாடு இருக்காது. 2013 திருத்தம் இதற்காகவே 376-இ என்ற பிரிவைச் சேர்த்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 71-ஆவது பிரிவு. வன்புணர்வுக்காக முன்பு தண்டிக்கப்பட்டவர் மறுபடி அதே குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை அல்லது தூக்கு. போக்சோவிலும், முன்பு பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர் குழந்தையிடம் அத்துமீறினால் அது தானாகவே கடுமையான வகைக் குற்றமாகிவிடும். பின்தொடர்தலுக்கு முதல் முறை 3 ஆண்டு வரை, மறுமுறை 5 ஆண்டு வரை என்று மத்தியச் சட்டமே படி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு மசோதா அந்தப் படிகளை உயர்த்தியது.

இந்தப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதை மும்பை சக்தி மில் வழக்கில் பார்க்கலாம். 2013 ஆகஸ்டில், கைவிடப்பட்ட அந்த ஆலை வளாகத்தில் படமெடுக்கப் போன ஒரு பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அவர் புகார் கொடுத்ததைக் கண்டு, அதே இடத்தில் முந்தைய மாதம் தனக்கும் இதே கதி நேர்ந்ததாக ஓர் இளம் தொலைபேசி இயக்குநரும் வெளியே வந்தார். குற்றவாளிகளில் மூவர் இரண்டு வழக்கிலும் இருந்தவர்கள். 2014 மார்ச்சில் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்ததும், மற்ற வழக்கில் அரசுத் தரப்பு 376-இ பிரிவைச் சேர்க்கக் கோரி அனுமதி பெற்றது. ஏப்ரலில் மூவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. அந்தப் பிரிவின் கீழ் நாட்டில் விதிக்கப்பட்ட முதல் மரண தண்டனை அதுதான்.

சிக்கல் அங்கேதான் எழுந்தது. இருமுறை குற்றம் செய்தவர் என்றால், முதல் தண்டனையை அனுபவித்து, திருந்த வாய்ப்புக் கிடைத்தும் திருந்தாதவர் என்று பொருளா, அல்லது சில நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்பு வாங்கியவரும் அதில் அடக்கமா? பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஜூனில் பிரிவு செல்லும் என்று உறுதி செய்தது. அதே நீதிமன்றம் 2021 நவம்பரில் மூவரின் தூக்கையும் சாகும்வரை சிறையாக மாற்றியது. சட்டம் எவ்வளவு கடுமையாக எழுதப்பட்டாலும், அதை ஓர் உயிர் மீது செலுத்தும்போது நீதிமன்றம் தயங்கித்தான் நிற்கும். நிற்கவும் வேண்டும்.

இதைவிட அடிப்படையான தடை வேறொன்று. மறுமுறைத் தண்டனை கிடைக்க முதல்முறைத் தண்டனை கிடைத்திருக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி அந்த ஆண்டு நாட்டில் பதிவான வன்புணர்வு வழக்குகள் 31,516. நீதிமன்றத்தில் முடிந்த வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை நூற்றுக்கு 27 மட்டும். மீதி வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் முதல்முறைக் குற்றவாளிகூட இல்லை. அவர்களில் உண்மையிலேயே நிரபராதிகளும் இருப்பார்கள். ஆனால் குற்றம் செய்து தப்பியவர் நாளை மீண்டும் பிடிபட்டால் 71-ஆவது பிரிவு அவரைத் தொடாது. புகாரே கொடுக்கப்படாத குற்றங்களைச் சொல்லவே வேண்டாம்.

இந்த இடைவெளியை அடைக்கத் தமிழ்நாடு வேறொரு கருவியையும் எடுத்தது. 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் பாலியல் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். வழக்கு முடியாமலே, 12 மாதம் வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்திட்டால் போதும். பரபரப்பான வழக்குகளில் ‘குண்டாஸ் போட்டாச்சு’ என்ற செய்தி வந்ததும் மக்கள் ஆறுதலடைகிறார்கள். ஆனால் இது தண்டனை அல்ல, முன்கூட்டியே அடைத்து வைப்பது மட்டுமே. ஆவணங்கள் தாமதமாகத் தரப்பட்டன, தெளிவில்லாத நகல் தரப்பட்டது, மனுவைப் பரிசீலிக்கக் காலம் கடத்தப்பட்டது என்ற காரணங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணைகளை அடிக்கடி ரத்து செய்கிறது. தண்டனைத் தீர்ப்பு செய்ய வேண்டிய வேலையைக் குண்டர் சட்டத்தால் செய்ய முடியாது.

குற்றவாளிகளின் பதிவேடும் இருக்கிறது. 2018 செப்டம்பரில் மத்திய உள்துறை தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத்தளத்தில், தொடங்கும்போதே 4 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அமெரிக்க மாநிலங்களில் இத்தகைய பட்டியலை அக்கம்பக்கத்தார் யாரும் பார்க்கலாம். இந்தியாவில் காவல்துறையும் புலனாய்வு அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும். இங்கே எடுத்த முடிவே நல்லது. பெயர் ஊருக்குத் தெரிந்தால் குற்றவாளியோடு அவர் குடும்பமும், சில நேரம் பாதிக்கப்பட்ட குழந்தையும் சேர்ந்தே அடையாளம் காணப்படுவார்கள்.

கூடிய தண்டனை என்ன செய்கிறது

வர்மா குழு வன்புணர்வுக்குத் தூக்கு வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. பெண்கள் அமைப்புகள் பலவும் அதையே அக்குழுவிடம் சொல்லியிருந்தன. சாட்சி சொல்ல மிஞ்சியிருக்கும் ஒரே ஆள் பாதிக்கப்பட்ட பெண்தான் என்னும்போது, அவரை உயிரோடு விட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால் குற்றவாளி எதைத் தேர்ந்தெடுப்பான் என்ற அச்சம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். மாமா, சித்தப்பா, அண்டை வீட்டுக்காரர், ஆசிரியர், கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர். தலைப்புச் செய்தியாகும் இருட்டுத் தெருவின் முகம் தெரியாத மனிதர் இந்தக் கணக்கில் ஒரு சிறு பங்கு. ‘மாமாவை உள்ளே தள்ளிவிடுவார்கள், பேசாமல் இரு’ என்று ஒரு குழந்தையின் வாயை அடைக்கும் வீட்டில், ‘மாமாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்’ என்பது இன்னும் வலுவான அடைப்பாகிவிடும். தண்டனை ஏறும்போது புகார் குறையும் ஆபத்து இங்கேதான்.

குறைந்தபட்சத் தண்டனையை உயர்த்துவது நீதிபதியின் கையையும் கட்டுகிறது. தனிச் சிறப்பான காரணம் இருந்தால் குறைந்தபட்சத்துக்கும் கீழே போகலாம் என்று பழைய சட்டத்தில் இருந்த வாசலை 2013 திருத்தம் அடைத்துவிட்டது. அந்த வாசலைச் சில நீதிபதிகள் வெட்கப்படத்தக்க காரணங்களுக்காகத் திறந்தார்கள் என்பது உண்மை. அடைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் காதலித்து ஊரை விட்டுப் போன வழக்கிலும் இன்று போக்சோவின் 10 ஆண்டு, 20 ஆண்டு எண்களே நீதிபதியின் முன் நிற்கின்றன. இத்தகைய வழக்கொன்றில் 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இளம் வயதினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமல்ல என்று சொல்லி வழக்கை ரத்து செய்தார். எல்லோராலும் உயர் நீதிமன்றம் வரை போக முடிவதில்லை.

கடுமையான சட்டம் பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. 2012-இல் 24,923 ஆக இருந்த வன்புணர்வு வழக்குகள் 2013-இல் 33,707 ஆயின. வரையறை விரிந்ததும், வழக்குப் பதிய மறுக்கும் காவலருக்கே சிறை என்ற விதி வந்ததும், பெண்கள் துணிந்து வெளியே வந்ததும் அதற்குக் காரணங்கள். 2013 திருத்தத்தில் வேலை செய்த பகுதி இது. தூக்கு சேர்த்த பகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல ஆதாரமில்லை.

மாநிலத்தின் சொந்தக் கை

காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. விசாரணை அதிகாரியை நியமிப்பது, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு ஆள் போடுவது, அரசு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது, மகளிர் நீதிமன்றம் அமைத்து அதற்குக் கட்டடமும் எழுத்தரும் தருவது, சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுப்பது, இழப்பீடு வழங்குவது எதற்கும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவையில்லை. தண்டனையின் அளவை மாற்றத்தான் டெல்லியின் தயவு வேண்டும்; தண்டனை கிடைக்கச் செய்ய வேண்டிய அத்தனையும் மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது. மாநிலங்கள் முதலாவதைப் பற்றியே அதிகம் பேசுகின்றன.

ஆந்திரத்தின் அனுபவம் இதைக் காட்டுகிறது. மசோதா டெல்லியில் காத்திருந்தபோதே, ராஜமகேந்திரவரத்தில் 2020 பிப்ரவரியில் முதல் திஷா காவல் நிலையம் திறக்கப்பட்டது. கைப்பேசிச் செயலியும் வந்தது. சட்டம் வரவில்லை, மாநிலத்தின் அதிகாரத்தில் இருந்தவை வந்துவிட்டன.

அண்ணா பல்கலைக்கழக வழக்கு இன்னும் நெருக்கமான சான்று. தொடக்கமே கோணலாக அமைந்தது. மாணவியின் அடையாளம் தெரியும் வகையில் முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் இணையதளத்தில் வெளியாகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் வழக்கைக் கொடுத்தது. 2025 பிப்ரவரியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்கு எந்தத் தண்டனைக் குறைப்பும் இல்லாத ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. குற்றம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜனவரி மசோதாவின் துணை எதுவும் இந்த வழக்குக்கு இல்லை. இருந்த சட்டமே போதுமானதாக இருந்தது. கூடுதலாகக் கிடைத்தது கவனமான விசாரணையும் தள்ளிப்போகாத வாய்தாக்களும்தான்.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் அதிகாரியே வெளியே சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. அதன் பிறகு மற்றப் பெண்கள் முன்வர எவ்வளவு தயங்கியிருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், ஆறு ஆண்டுக்குப் பின், 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அது பழைய தண்டனைச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. சாட்சி சொன்ன 48 பேரில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சியாகவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். பாலியல் வழக்குகள் உடைவது பெரும்பாலும் சாட்சி மாறும் இடத்தில்தான் என்பதால், அந்தத் தீர்ப்பில் மிகவும் பாராட்டத்தக்க செய்தி அதுவே. பெண்கள் கடைசிவரை நின்றார்கள். அவர்கள் நிற்பதற்கு வேண்டிய பாதுகாப்பு கிடைத்தது.

வேகத்துக்கான விதிகளுக்கும் குறைவில்லை. மத்தியச் சட்டப்படி வன்புணர்வு வழக்கின் விசாரணை இரண்டு மாதத்திலும், குற்றப்பத்திரிகைக்குப் பின் நீதிமன்ற நடவடிக்கை இரண்டு மாதத்திலும் முடிய வேண்டும். மருத்துவர் தன் அறிக்கையை ஏழு நாட்களுக்குள் விசாரணை அதிகாரிக்குத் தர வேண்டும். இந்த வழக்குகளுக்கென்றே 2019-இல் தொடங்கிய விரைவுச் சிறப்பு நீதிமன்றத் திட்டம், ஒவ்வொரு நீதிமன்றமும் ஆண்டுக்கு 165 வழக்கை முடிக்கும் என்று கணக்கிட்டது. ஆனால் டி.என்.ஏ. அறிக்கை ஆய்வகத்தில் கிடக்கும்போது, 21 நாளில் தீர்ப்பு என்று ஒரு மசோதாவில் எழுதுவதால் அறிக்கை வந்துவிடாது. டெல்லி நிர்பயா வழக்கில் விரைவு நீதிமன்றம் ஒன்பதே மாதத்தில் தீர்ப்புச் சொன்னது. தூக்கு நிறைவேறியது 2020 மார்ச் 20 அன்று. இடைப்பட்ட ஆறரை ஆண்டும் மேல்முறையீட்டிலும் மனுக்களிலும் போனது.

மாநிலம் தன் சொந்த யோசனையில் எழுதிய நல்ல விதிகளும் உண்டு. 1998-இல் சென்னையில் ஈவ் டீசிங்கில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தபின் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம், தண்டனையோடு நிற்காமல் பொறுப்பையும் பகிர்ந்து கொடுத்தது. பேருந்தில் ஒரு பெண் தொல்லைக்கு ஆளாகிப் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கல்லூரி, திரையரங்கம், கோயில் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும் கடமை உண்டு. எத்தனை நடத்துநர்களுக்கு இந்த விதி சொல்லித் தரப்பட்டிருக்கிறது என்று போக்குவரத்துக் கழகங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த மாநில மசோதாவும் கைவைக்காத இடங்கள் இரண்டு. 18 வயதைத் தாண்டிய மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்தினால் அது வன்புணர்வு அல்ல என்ற விலக்கு பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே தொடர்கிறது. அதை நீக்க வர்மா குழு 2013-இலேயே பரிந்துரைத்திருந்தது. இயற்கைக்கு மாறான பாலுறவு பற்றிய பழைய 377-ஆவது பிரிவு புதிய சட்டத்தில் இல்லாததால், வன்புணர்வுக்கு ஆளாகும் வயது வந்த ஆணுக்கும் திருநங்கைக்கும் அந்தப் பெயரில் வழக்குத் தொடுக்க வழியில்லை. தண்டனையை 10-இலிருந்து 14 ஆக்கும் மசோதா இவர்களுக்கு எதுவும் தருவதில்லை.

நடைமுறையில் இருக்கும் சட்டம் தரும் சில உரிமைகளை ஒவ்வொரு வீடும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாலியல் குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் உடனே, இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே பதிய வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.